தலைவர் வரலாறும் அண்ணாவின் பூசையும்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் எங்கள் தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில், கார்த்திகையில் போரில் இறந்தோரை நினைவுகூரும் நாள் வந்தால், நனைந்த குளிர்ச்சட்டைகளின் வாடையும் பொரித்த ‘ரோல்ஸ்’ மணமும் கலந்து மூக்கை அடைக்கும். அந்த வாடைக்குள் நின்றுதான் நான் வருடா வருடம் பேச்சுப்போட்டியில் இயக்கத் தலைவரின் வரலாற்றை ஒப்புவித்தேன். அவர் பிறந்தது, பள்ளிக்கூடத்தை விட்டது, காட்டுக்குள் படை கட்டியது, பேச்சுவார்த்தை மேசையில் இருந்தது, எழும்பிப் போனது என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போவேன். பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்த களைப்போடு அப்பாதான் வசனம் வசனமாகச் சொல்லித் தருவார். “தலைவற்றை வரலாறு தெரியாதவன் தமிழனே இல்லை” என்பது அவர் பேச்சு.

எங்கள் வீட்டுச் சுவரில் திரு இருதயப் படமும் தலைவர் படமும் ஒரே உயரத்தில் தொங்கின. அவற்றுக்குக் கீழே சின்னதாக அன்ரன் அண்ணாவின் படம். மன்னாரை விட்டு ஓடி வந்தபோது அம்மாவும் அப்பாவும் அண்ணாவை மாமா வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். “ஒரு வருசத்திலை கூப்பிடுவம்” என்று சொன்ன பேச்சு, நான் ஜெர்மனியில் பிறந்து பள்ளிக்கூடம் போகும் வரை இழுபட்டது. விசா சரிவந்தபோது அண்ணா இயக்கத்துக்குப் போய்விட்டிருந்தார். பிறகு அவர் தலைவரின் பாதுகாப்பு அணியில் நிற்பதாகச் செய்தி வந்தது. அன்றைக்கு அப்பா தெரிந்தவர்களுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தார், சமைத்துக்கொண்டிருந்த அம்மா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தலைவரின் வாழ்க்கையை நான் மணிக்கணக்கில் சொல்வேன். என் சொந்த அண்ணாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் இடக்கையால் எழுதுவார், நாய்க்குப் பயப்படுவார் என்பதுதான்.

போர் முடிந்த வைகாசியில் தலைவரின் உடலைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, “பொய். ஆரோ ஒருத்தரைக் கொண்டுவந்து காட்டுறாங்கள். தலைவர் இருக்கிறார். அவர் இருந்தா எங்கடை பெடியனும் பக்கத்திலைதான் இருப்பான்” என்றார். அந்தக் கணக்கில் அவர் ஒரே பிடியாக நின்றார். தலைவர் இறந்ததை ஒப்புக்கொண்டால் மகனையும் சாகக் கொடுக்க வேண்டும் என்பது அந்த வயதில் எனக்கு எங்கே விளங்கியது!

அம்மாவின் நெருப்பு வேறு. “இஞ்சாருங்கோ, உங்கடை தலைவர் இருக்கிறாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. என்ரை பிள்ளை உத்தரிக்கிற ஸ்தலத்திலை கிடந்து வேகிறானெண்டால், ஆர் அவனுக்குப் பூசை குடுக்கிறது?” என்று கேட்பாள். இறந்தவர்களின் ஆன்மா மோட்சத்துக்கு முன் நெருப்பில் கிடந்து சுத்தமாகும் அந்த இடத்திலிருந்து பூசைதான் அவர்களை மீட்கும் என்று அவள் நம்பினாள்.

“உயிரோடை இருக்கிறவனுக்கு ஆராவது செத்தவைக்குக் குடுக்கிற பூசை குடுப்பினமோ? விசர்க்கதை கதையாதை, ரெஜினா!” என்று அப்பா பாய்வார்.

அந்தக் கார்த்திகையிலும் மண்டபத்தில் எல்லாம் பழையபடியே நடந்தது. போரில் இறந்த பிள்ளைகளின் படங்களை நீள மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்குக் கொளுத்தியிருந்தார்கள். தலைவர் படம் மட்டும் தள்ளி, விளக்கில்லாமல் இருந்தது. உயிரோடு இருப்பவருக்கு விளக்கு வைக்கக் கூடாதல்லவா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அந்த மண்டபமே பாடுபட்டது. நான் மேடையில் வரலாற்றின் பாதியில் நின்றபோது, அம்மா கதிரையை விட்டு எழும்பி வந்து, கைப்பைக்குள்ளிருந்து அண்ணாவின் படத்தை எடுத்து அந்த மேசையில் வைத்து விளக்கொன்றைக் கொளுத்தினாள். அப்பா விறுவிறென்று போய் விளக்கை ஊதி அணைத்து, படத்தைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். முன்வரிசையில் இருந்த ஒருவர் என்னைப் பார்த்து, “நீ சொல்லம்மா, நிப்பாட்டாதை” என்றார். நான் சொன்னேன். பரிசும் கிடைத்தது.

அதன் பிறகு அம்மா பூசை என்ற சொல்லை வீட்டில் எடுக்கவில்லை. மரித்தோர் திருநாளில் சுவாமியார் பெயர்களை வாசிக்கும்போது மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள், யாராவது தன் மகனையும் சேர்த்திருப்பார்களோ என்பது போல. இருதய வருத்தம் வந்து, போன மாரிக் குளிரில் அவள் கண்ணை மூடினாள்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குச் சொல்ல நானும் அப்பாவும் சுவாமியாரிடம் போனோம். நான் அம்மாவின் பெயரைச் சொன்னேன். எழும்பப் போன அப்பா திரும்பக் கதிரையில் இருந்தார்.

“மகன்ரை பேரையும் வாசியுங்கோ, சுவாமி. அன்ரன்” என்றார். பிறகு, “அவள் அங்கை போய்த் தனிய அவனைத் தேடித் திரியக்கூடாது” என்றார்.

இப்போது அந்த மண்டபத்தில் தட்டுமுட்டுச் சாமான்கள் கிடக்கின்றன. பேச்சுப்போட்டியும் இல்லை, அந்த வரலாற்றைக் கேட்க ஆட்களும் இல்லை, முன்வரிசை மாமாமாரில் பாதிப்பேர் உயிரோடில்லை. தலைவர் படம் மட்டும் வீட்டுச் சுவரில் இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது. அந்தப் பூசையன்று சுவாமியார் “ரெஜினா, அன்ரன்” என்று வாசித்தபோது அப்பா முழங்காலில் நின்றபடி விக்கி விக்கி அழுதார். அந்தப் பெயரை ஒருமுறை கோயிலில் கேட்டுவிட வேண்டுமென்று எத்தனை கார்த்திகை காத்திருந்தாள் அம்மா! வாசித்த அன்று அவளுடைய பெயரை முதலில் வாசிக்க வேண்டியிருந்தது.