வேட் கின்சரின் அம்மா

நாற்காலியில் உட்கார்ந்தவரின் தலையை இரண்டு விரலால் முன்னே சாய்த்து, பிடரியில் மெஷினை வைத்த பிறகுதான் நடீன் கின்சர் பேசத் தொடங்குவாள். அதற்குமேல் எதிராளி தலையாட்ட முடியாது என்பது அவளுக்குத் தெரியும். ஒஹாயோவில் சோளக் காடுகளுக்கு நடுவே இருக்கிற அந்தச் சிறிய ஊரில் ஆண்களுக்கு முடி வெட்டும் கடை அவளுடையது ஒன்றுதான். விவசாயிகள், பாதிரியார், ஷெரிப் எல்லோரும் அவளிடம் தலையைக் கொடுத்துத் திட்டும் வாங்கிப் போகிறவர்கள்.

"நாள் பூரா தொப்பியோட இருந்தா முடி கொட்டாம என்ன செய்யும்? மண்டைக்குக் கொஞ்சம் காத்து காட்டுங்க."

காபியை ஆற வைத்துத்தான் குடிப்பாள். வேலையில் லயித்துவிட்டால் தேவாலயப் பாட்டு ஒன்றை விசிலடிப்பாள், சுருதி சேராது. கண்ணாடியின் ஓரத்தில் மகன் வேட்டின் படத்தைச் செருகி வைத்திருக்கிறாள். சீருடைப் படம் அல்ல. கையில் ஒரு பெரிய கெளுத்தி மீனோடு, தும்மல் வரப்போகிற முகத்தோடு நிற்கிறான். ஆப்கானிஸ்தானில், புழுதிக்குள் இறங்கப் போன ராணுவ ஹெலிகாப்டர் மலைச்சரிவில் மோதி நொறுங்கி, அதில் இருந்த வேட் இறந்தபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது.

வெளியூர்க்காரர் யாராவது, "உங்க பையன் பெரிய வீரன்மா" என்றால் மெஷினை நிறுத்திவிடுவாள்.

"வீரன்தான். என் வண்டிய ரெண்டு தடவ வாய்க்கால்ல எறக்கினவனும் அவன்தான். குளிக்கச் சொன்னா சண்டைக்கு வருவான். பாத்திரத்த மட்டும் சொல்லாமலே கழுவி வப்பான். ஞாபகம் வச்சுக்கிறதா இருந்தா முழுசா வச்சுக்கங்க. பாதி வேண்டாம்."

விபத்துக்கு விமானியின் தவறுதான் காரணம் என்று விசாரணையில் முடிவானது. அந்த விமானி டரன் ஸ்டவுஃபரும் பிழைக்கவில்லை. அவன் அம்மா வெர்னா பக்கத்து மாவட்டத்துக்காரி. மே மாதக் கடைசித் திங்கள்கிழமை, போரில் இறந்தவர்களுக்கு ஊர் கூடி அஞ்சலி செலுத்தும்போது, அவள் இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே காரை ஒட்டி நிற்பாள். கூட்டம் கலையுமுன் போய்விடுவாள். ஊருக்குத் தெரியும், யாரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

"மொத வருஷம் அந்தக் கார் கண்ணாடிய ஒடைக்கணும்போல இருந்துச்சு" என்பாள் நடீன், ஒளிக்காமல்.

போன குளிர்காலத்தில் வேட்டோடு பட்டாளத்தில் இருந்த ஒருவன் கடைக்கு வந்தான். பேச்சுவாக்கில் சொன்னான்: மற்றவர்கள் ஹெலிகாப்டர் ஓட்டினால் வேட் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், டரன் ஓட்டினால் ஏறின உடனே தூங்கிவிடுவான். நடீன் அவனுக்கு முடியை வெட்டி முடித்தாள். பிறகு கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இந்த மே மாதம், அஞ்சலிக் கூட்டத்தை நடத்துகிற ஹார்லன் முடி வெட்ட வந்தார். வியட்நாமில் போரிட்ட கிழவர். அவர் தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடீன் சொன்னாள்:

"என் பக்கத்துல இன்னொரு நாற்காலி போடுங்க. வெர்னாவுக்கு."

"வேண்டாம்மா. ஊர்ல நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"பேசட்டும். அந்த நாலு தலையும் என்கிட்டதான வரணும்."

"அந்தப் பையன் தப்புன்னு விசாரிச்சவங்களே சொல்லிட்டாங்களே, நடீன்."

"தப்புதான். நான் இல்லேங்கல. ஆனா என் மகன் அவன நம்பித் தூங்கியிருக்கான். அவனோட அம்மா வேலிக்கு வெளிய நிக்கிறதா?"

ஹார்லன் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அஞ்சலி நாளன்று போனால் வெர்னாவுக்கு நாற்காலி போட்டிருக்கவில்லை.

முன்வரிசையில் தன் பெயர் ஒட்டியிருந்த மடக்கு நாற்காலியை நடீன் மடக்கினாள். ஷெரிப்பிடம், "நீங்க எந்திரிங்க" என்று சொல்லி அவருடையதையும் வாங்கிக்கொண்டாள். கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு, வலிக்கிற முழங்காலோடு புல்தரையைக் கடந்து, வாசல் வழியாக வெளியே போனாள். காருக்குப் பக்கத்தில் இரண்டையும் விரித்துப் போட்டாள்.

"நான் போயிடறேங்க. உங்களுக்கு எதுக்குச் சங்கடம்?" என்றாள் வெர்னா, சாவியைத் தேடிக்கொண்டே.

"ஒக்காருங்க. உள்ள வர மாட்டீங்கன்னு தெரியும். அதான் நான் வந்தேன்."

இருவரும் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பெயராக வாசிக்கப்பட, அந்தந்தக் குடும்பத்தார் எழுந்து நின்றார்கள். "வேட் கின்சர்" என்ற குரல் ஒலிபெருக்கியில் வந்தது. நடீன் எழுந்தாள். பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவளை நோக்கி, அவளும் எழட்டும் என்று கையை நீட்டினாள். வெர்னா மாட்டேன் என்று தலையசைத்தாள். நீட்டிய கை அப்படியே இருந்தது. கூட்டம் மொத்தமும் வேலிப் பக்கம் திரும்பிவிட்டது. அடுத்த பெயரை வாசிக்காமல் ஹார்லன் காத்திருந்தார்.