டிகாஷனை யார் குடித்தது

காலி பில்டரின் மேல்கிண்ணத்தை அடுப்புத் தணலில் காட்டினால், அதன் கண்களில் ஒட்டிக்கிடக்கும் பழைய தூள் கருகி ஒரு வாசனை வரும். காப்பி வாசனையும் இல்லை, தீய்ந்த வாசனையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் ஒன்று, எம்.ரெட்டியபட்டியில் நாங்கள் இருந்தபோது வாரத்துக்கு ஒருநாளாவது அந்த வாசனையில்தான் நான் கண்விழிப்பேன். எங்கள் ஊர்த் தண்ணீர் அப்படி. குடிக்கவும் காப்பிக்கும் வண்டியில் வரும் ‘நல்ல தண்ணி’, பாத்திரம் கழுவ போர்வெல்லில் வரும் ‘உப்புத் தண்ணி’. உப்புத் தண்ணியில் கழுவி வெயிலில் கவிழ்த்த பில்டரில் நாலே நாளில் வெள்ளை பூத்து, கண் அடைத்து, ஊற்றிய வெந்நீர் இறங்காமல் மேலேயே நிற்கும். தூள் அடைத்தால் தணலில் காட்டுவதும், உப்பு அடைத்தால் புளித்தண்ணியில் ஊறப்போட்டுத் தேய்ப்பதும் அம்மாவின் வைத்தியம்.

அம்மா யாரையும் லேசில் நம்பமாட்டார். பால் சொந்த மாட்டுப்பால் என்பதால் பால்காரர் என்று ஒருவர் தப்பித்தார், அவ்வளவுதான். அருப்புக்கோட்டையில் காப்பித்தூள் அரைக்கும் கடையில் மிஷினை விட்டு ஒரு அடி நகராமல் நிற்பார். “கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள சிக்கரிய அள்ளிக் கொட்டிருவாக” என்பார். வீட்டில் டப்பாவிலிருக்கும் தூளை நிரவி, மேலே விரலால் ஒரு கோடு இழுத்து வைத்துவிட்டு, மறுநாள் கோடு கலையாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கரண்டியை உள்ளே விடுவார். அந்தக் குணம் எனக்கும் அப்படியே வந்திருக்கிறது. ஒளித்துப் பிரயோசனம் இல்லை.

நான் ஐந்தாவது படித்த வருஷம் அப்பாவின் தங்கை பாண்டியம்மா அத்தை எங்களோடு வந்து இருந்தார். கட்டிக்கொடுத்த ஊர் பரளச்சி. மாமா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப மாதக்கணக்காகும், அதுவரை மாமியாரின் வாயில் விழுந்து எழ முடியாமல்தான் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டை விட்டால் அவருக்குப் போக்கிடம் அந்த மாமியார் வீடு ஒன்றுதான். விடிகாலையில் அம்மா பில்டரில் தூளைப் போட்டு வைத்துவிட்டு மாட்டைக் கறக்கப் போவார். வெந்நீர் ஊற்றி டிகாஷன் இறக்குவது அத்தையின் வேலை. அந்தக் கால் மணி நேரம் பில்டர் அம்மாவின் பார்வையில் இருக்காது.

ஒருநாள் புளி தீர்ந்துபோயிருந்தது, பில்டரோ அடைத்துக்கொண்டது. அம்மா மல்லிச் சாக்குத் தைக்கிற ‘கோணூசி’யை எடுத்துக் கண் கண்ணாகக் குத்தித் திறந்துவிட்டார். அன்றைக்கு டிகாஷன் கடகடவென்று இறங்கியதில் அவருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அன்றிலிருந்து காப்பி தண்ணீராக இருந்தது. அம்மா முதலில் தூள் கடைக்காரரைச் சந்தேகப்பட்டார், பிறகு மாட்டுக்கு வைத்த தீவனத்தை. இரண்டிலும் குற்றம் கிடைக்காமல் போகவே கண் உள்வீட்டுக்குத் திரும்பியது. முதல் டிகாஷனை எடுத்துக் குடித்துவிட்டு, அதே தூள்மேல் வெந்நீர் விட்டு இரண்டாவதை எங்களுக்கு வைக்கிறார் அத்தை என்று முடிவுகட்டினார். “தேன் எடுக்கிறவ புறங்கைய நக்காமலா இருப்பா” என்று என் காதோடு சொல்லி, மறுநாள் காலையில் என்னைக் காவலுக்கு வைத்தார்.

அடுப்படிக் கதவின் இடுக்கில் நின்று பார்த்தேன். அத்தை பில்டரின் மேல்கிண்ணத்தைத் தூக்கி வைத்தார். கீழே இறங்கியிருந்த டிகாஷனை ஒரு டம்ளரில் ஊற்றினார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். எனக்கு அது போதும். தொழுவத்துக்கு ஓடி, “அத்த டிகாஷன டம்ளர்ல ஊத்துறாக” என்றேன். “குடிச்சாளா?” என்று அம்மா கேட்டார். நான் பார்க்கவில்லை. ஆனாலும் “ஆமா” என்றேன். அம்மா எந்தப் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது, அதைக் கொடுப்பதில் எனக்கொரு பெருமையும் இருந்தது.

அப்பா காப்பி குடிக்க உட்கார்ந்ததும் அம்மா பேச்சை எடுத்தார். “நாளையில இருந்து டிகாஷன நானே எறக்கிக்கிறேன். ஒனக்கு வேணும்னா கேட்டு வாங்கிக் குடி பாண்டி, ஒளிஞ்சு குடிக்க வேண்டாம்.” அத்தையின் முகம் செத்துப்போனது. “நானா மதினி?” என்றவர், திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பாவாடை நாடாவை முறுக்கிக்கொண்டு தலையைக் குனிந்தேன். அப்பா டம்ளரிலேயே கண்ணாக இருந்தார். அவருக்கும் அந்த நேரத்தில் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். மறுநாள் அத்தை துணிப்பையோடு பரளச்சி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அதற்கு அடுத்த காலை அம்மாவே வெந்நீர் ஊற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து, டிகாஷன் இறக்கினார். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

“இன்னிக்கு யாரு குடிச்சது?” என்று கேட்டார்.

அம்மா எழுந்துபோய் மேல்கிண்ணத்தைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் கண்கள் வடை அரிக்கிற கண்கரண்டிக்கு இருப்பதுபோல் பெரிதாகிக் கிடந்தன. புதுப் பில்டர் வந்தது. அத்தையை அழைக்க அப்பா போனார், அத்தை வரவில்லை. தப்பைத் தப்பென்று ஒப்புக்கொள்ள அம்மாவுக்குக் கடைசிவரை மனம் வரவில்லை. “ஊசி குத்துனது நெசந்தான். அப்பறம் டம்ளர்ல எதுக்கு ஊத்துனாளாம்?” என்பார். வெட்கத்தை விட்டுச் சொன்னால், இத்தனை வருஷமும் நானும் அந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டுதான் நிம்மதியாகத் தூங்கினேன். நல்லது கெட்டதுக்கு வரும்போதெல்லாம் அத்தை எங்கள் வீட்டில் சாப்பிடுவார், காப்பி மட்டும் குடிக்கமாட்டார். அதையும் குற்றமுள்ள நெஞ்சு என்றே எடுத்துக்கொண்டேன்.

இப்போது அம்மா இல்லை, அந்த வீட்டில் மாடும் இல்லை, கோணூசி எங்கே போனதென்று தெரியவில்லை. அருப்புக்கோட்டையில் என் அடுப்படியில் மகள் வாங்கி அனுப்பிய கரண்டு காப்பி மிஷின் நிற்கிறது. உப்புப் பிடித்தால் சிவப்பு விளக்கு எரியும் என்கிறார்கள். நான் விளக்கை நம்பாமல் வாரம் ஒருமுறை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரை ஓடவிட்டுவிடுகிறேன். போன மாதம் ஆஸ்பத்திரியில் காட்ட வந்த அத்தை என் வீட்டில் தங்கினார். காலையில் நான் அளவுக்கோட்டைத் தாண்டித் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன் போல, ஜாடியில் டிகாஷன் வெளுப்பாக இறங்கியது. நான் மிஷினைத் திட்டிக்கொண்டு நின்றேன்.

“இங்கிட்டுக் கொண்டா” என்று அத்தை ஜாடியை வாங்கினார். டிகாஷனை ஒரு டம்ளரில் ஊற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு மிஷினின் மேல்மூடியைத் திறந்து, அதே டிகாஷனை அதே தூள்மேல் திரும்ப ஊற்றினார். இந்தமுறை கறுப்பாக இறங்கியது.

“அன்னைக்கும் இதத்தான் செஞ்சேன். தண்ணியா எறங்குச்சேன்னு ரெண்டாந்தடவ ஊத்துனேன். கதவு இடுக்குல ஒன் பாவாட தெரிஞ்சுச்சு தாயி. பிள்ள பாத்துருச்சு, அது சொல்லும்னுதான் நான் மேக்கொண்டு வாயத் தொறக்கல.”

அத்தை பாலை ஊற்றி, ஆற்றி, நுரையோடு டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். தனக்கு ஒரு செம்புத் தண்ணீர் கேட்டார்.