மொட்டைமாடியில் காய்ந்த கண்ணாடிகள்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ராயபுரத்திலிருந்து பஸ் பிடித்து ஆராய்ச்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். சின்னக் கண்ணாடித் துண்டின் மேல் துத்தநாக ஆக்சைடைப் படலமாகப் படியவைப்பது என் வேலை. முடியின் கனம்கூட இருக்காது. சுத்தமான படலத்தைக் காந்தம் ஏறெடுத்தும் பார்க்காது. அதே படலத்தில் அங்கங்கே துத்தநாக அணுவை எடுத்துவிட்டுக் கோபால்ட்டைச் செருகினால், ஆக்சிஜன் இருக்க வேண்டிய சில இடங்கள் காலியாகக் கிடந்தால், அது முழுக்கக் காந்தமாகிவிடலாம் என்று அப்போது பலரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். கலப்பும் குறையும்தான் அதற்கு உயிர். ஊர்ப் பெயரைச் சொன்னாலே மூக்கைச் சுளிப்பவர்கள் நடுவில் படித்தவளுக்கு இது பிடிக்காமல் இருக்குமா? பஸ் ஜன்னலில் சாய்ந்தால் போதும், கோபால்ட் அணுக்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று மெல்லத் திரும்புவது தெரியும். இறங்க வேண்டிய ஸ்டாப்பிங்கைக் கோட்டைவிடுவேன்.

ஆய்வகத்தில் உலர்த்தும் அடுப்பு ரிப்பேர். படலம் போடும் முன் கழுவிக் காயவைக்கக் கண்ணாடிகளை வீட்டுக்கே எடுத்துவந்தேன். காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு மதியம் திரும்பும் அம்மா, மகள் படிப்பாயிற்றே என்று அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையால் துடைத்து, மொட்டைமாடியில் ஒவ்வொன்றாகக் காயவைத்தாள். அந்தக் கண்ணாடிகளில் கோபால்ட் கலந்து செய்த படலங்களின் காந்தத்தன்மையை அளந்தபோது, வரைபடத்தில் வழக்கமான வெறும் நேர்கோட்டுக்குப் பதில் கொழுத்த வளையம் வந்தது. வளையம் என்றால் காந்தம். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வழிகாட்டி மேடம் கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார். மகள் கண்ணாடியைக் காந்தமாக்கிவிட்டாள் என்று அம்மா மீன் மார்க்கெட் முழுக்கச் சொல்லியாயிற்று.

ஒரு ஞாயிறு மதியம், பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலிதீன் பையில் சுற்றி, காய்கிற அரிசியின் மேல் அம்மா ஓட்டிக்கொண்டிருந்தாள். துறைமுகத்தில் குவித்திருக்கும் இரும்புத் தாது காற்றில் வந்து எங்கள் மாடிகளில் படியும். எங்கள் வீட்டில் எதைக் காயவைத்தாலும் இப்படித்தான். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். பையில் கருப்புத் துகள் ஒட்டியிருந்தது. அரிசிக்குப் பக்கத்திலேயே என் கண்ணாடிகள்.

அதில் ஒன்றை, படலம் எதுவும் போடாமல், அப்படியே அளக்கக் கொடுத்தேன். அதே வளையம் வந்தது.

பாத்ரூமில் நின்று அழுதேன். யார் காயவைத்தது என்று மேடம் கேட்டார். நான்தான் என்றேன். கட்டுரை போயிற்று. அமிலத்தில் கழுவிய கண்ணாடியில் கோபால்ட் போட்டு மறுபடி ஆரம்பத்திலிருந்து செய்தேன். நேர்கோடுதான் வந்தது. காந்தம் வரவில்லை என்றே ஆய்வேட்டிலும் எழுதினேன்.

வீட்டில் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று. அம்மா மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"இன்னா கண்ணு, நான் தொடச்சதுலதான் கெட்டுப்பூட்ச்சா?"

இல்லம்மா, கோபால்ட் சரியில்லை என்றேன். அவள் முகம் தெளிந்தது.

"அப்ப வுடு. அடுத்த தபா இன்னும் நல்லா தொடச்சி வெக்கிறேன்."

சரிம்மா என்றேன்.