கோல்ஃப் மைதானத்தில் ஒரு ஆமென்

கனடாவிலிருந்து வந்த மச்சான், கோல்ஃப் மட்டைகளையும் சித்தூருக்குத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். எங்களுக்கு ஒரு சாக்லேட் டப்பா கொண்டுவரப் பெட்டியில் இடமில்லையாம், இதற்கு மட்டும் இருந்தது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். மறுநாள் மதியம் அவருக்கு விமானம். போவதற்கு முன் எல்லோருமாகத் திருப்பதி வழியிலிருக்கும் சந்திரகிரிக் கோட்டையைப் பார்ப்பதென்று ஏற்பாடு. மனைவி பள்ளிக்கூடத்தில் சோஷியல் டீச்சர். வருஷா வருஷம் அந்தக் கோட்டையைப் பாடம் நடத்துகிறாள், உள்ளே கால் வைத்ததில்லை. திருப்பதிப் பக்கம் போனாலே ஆஸ்பத்திரி, கல்யாணம் என்று ஏதாவது குறுக்கே வந்துவிடும். இந்த முறை லீவு போட்டு, விடியலிலேயே எழுந்து புளிசாதம் கட்டிக்கொண்டு முதல் ஆளாகக் காரில் ஏறிவிட்டாள்.

சந்திரகிரி வந்தது. வண்டியைத் திருப்பப் போனேன்.

"மாப்ளே, நேரா வுடு. வெயில் ஏறதுக்குள்ள ஆடிட்டு வந்துடலாம். கோட்டை எங்க ஓடிப்போவுது?"

திருப்பதியைத் தாண்டி வடமாலபேட்டைப் பக்கம் ஒரு விடுதிக்காரர் சின்னதாகக் கோல்ஃப் மைதானம் போட்டிருந்தார். கண்ணெதிரே இருந்த கோட்டையை விட்டுவிட்டுப் புல்லைப் பார்க்கப் போனோம். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

அங்கே மச்சான் பந்தின் முன் நின்று, மட்டையை இரண்டு கையாலும் பிடித்து, தலை குனிந்து, கண்ணை மூடினார். எங்கள் சபைக் குடும்பங்களில் ஒருவர் அப்படி நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். காரைக் கிளப்பினால் ஜெபம், கஞ்சி குடித்தால் ஜெபம். மனைவி முந்தானையைத் தலைக்கு இழுத்தாள். நானும் கண்ணை மூடினேன். 'டக்' என்று ஒரு சத்தம்.

"ஆமென்" என்றேன்.

கண்ணைத் திறந்தால் பந்தைக் காணோம். வெயில் கூசியதில் அடித்தவருக்கும் தெரியவில்லை.

"எந்தப் பக்கம் போச்சு?"

"ஜெபம்னு நெனச்சிக்கினு கண்ண மூடிட்டோம்ணா" என்றாள் மனைவி.

"ஆடச்சொல்ல எவனாவது ஜெபம் பண்ணுவானா?"

பையில் வேறு பந்துகள் இருந்தன. ஆனால் அதுதான் ராசியான பந்தாம். தாத்தா சபையில் உபதேசியார், பேரனுக்கு ராசி! புதர் புதராகத் தேடினோம். புளிசாதத்தையும் அங்கேயே தின்றோம். மனைவி முள்ளை விலக்குவாள், கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள், மறுபடி குனிவாள். வேறொரு பந்தை எடுத்து இதுதான் என்று நீட்டிவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. கடைசியில் பந்து கிடைக்கவுமில்லை.

கோட்டைக்கு வந்தபோது நேரம் முடிந்ததென்று காவலாளி கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். "டைம் அயிபோயிந்தி சார், ரேப்பு ரண்டி."

"நாளைக்கு எங்க வர்றது? அடுத்த தடவ வரச்சொல்ல பாத்துக்கலாம்மா" என்றார் மச்சான், தங்கையின் தோளைத் தட்டி. அவள் கதவோரப் பலகையில் திறக்கும் நேரத்தைப் படித்துவிட்டுக் காரில் ஏறினாள்.

மறுநாள் காலை வீட்டில் அவளைக் காணோம். போன் வந்தது.

"சந்திரகிரியில கீறேன். ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டேன். இட்லி மூடி வெச்சிருக்கேன், ரெண்டு பேரும் துன்னுங்க. அண்ணன நீங்களே ரேணிகுண்டா ஏர்போர்ட்டுல ஏத்தி வுட்டுடுங்க. கேட்டு தொறக்கறாங்க, வெக்கறேன்."

நானும் அந்தக் கோட்டையைப் பார்த்ததில்லை, என்னையும் கூப்பிட்டிருக்கலாமே என்று வாய்வரை வந்தது. அதற்குள் வைத்துவிட்டாள்.