மாதிரிப் பள்ளிக்குப் பரிட்சை எழுதிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். அப்பா சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர். அம்மா கூலிக்கு வெங்காயம் ஆயப் போவாள். இருவரும் எழுத்துக் கூட்டி பஸ் போர்டு படிப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் 'மாதிரி' என்ற சொல் மட்டும் அவர்களுக்கு நன்றாகப் பழகியிருந்தது. எட்டாம் வகுப்பில் உதவித்தொகைப் பரிட்சைக்காக எங்கள் டீச்சர் சனிக்கிழமைதோறும் மாதிரித் தேர்வு வைப்பார். மாதிரி என்றால் சும்மா எழுதிப் பார்ப்பது. மார்க் குறைந்தால் ஒன்றும் ஆகாது. நிஜமானது பிறகு வரும்.

அதனால் நான், "ஞாயித்துக்கெழம பெரம்பலூர்ல மாதிரிப் பள்ளிப் பரிட்சைப்பா" என்று சொன்னபோது அப்பா பீடியைக்கூட வாயிலிருந்து எடுக்கவில்லை.

"எழுதிடு பாப்பா" என்றார்.

மாதிரிப் பள்ளி என்பது அரசாங்கத்தின் பள்ளி. மாவட்டத்துக்கு ஒன்றுதான். அரசுப் பள்ளியில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைப் பரிட்சை வைத்துப் பொறுக்கி, ஒன்பதாம் வகுப்பிலிருந்து அங்கேயே தங்கவைத்துப் படிக்கவைப்பார்கள். எனக்கு அந்தப் பள்ளி வேண்டும் என்ற ஆசை தாங்க முடியவில்லை. என் சிநேகிதியின் வீட்டில் டிவி ஒயரையே கழற்றி வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டிலோ யாரும் அலட்டிக்கொள்ளவே இல்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்தேன். பெருமையாக இருந்தது.

அதே ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் அத்தை மகளுக்குக் காதுகுத்து. அப்பாதான் தாய்மாமன். குழந்தை அவர் மடியில் உட்கார்ந்தால்தான் ஆசாரி ஊசியை எடுப்பார். ஆகவே அப்பா வெள்ளை வேட்டி, அம்மா கல்யாணப் பட்டு, நான் யூனிபார்ம் என்று மூவரும் வாலிகண்டபுரத்தில் பஸ் ஏறினோம். வழியில் பரிட்சையை முடித்துக்கொண்டு அப்படியே அரியலூர் போவதாகத் திட்டம்.

பரிட்சை நடந்த பள்ளியின் கேட்டில் அப்பா சொன்னார்: "பாப்பா, சட்டுபுட்டுனு எழுதிட்டு பாதி நேரத்துலயே வந்துடு. அங்க மாமன் மடி இல்லாம ஒண்ணும் நடக்காது."

பாதி நேரத்தில் முடித்துவிடுகிற கெட்டிக்காரி என்று அப்பாவே சொல்கிறார்! "சரிப்பா" என்று துள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

வெளியே நடந்ததை அம்மா பிறகு நடித்தே காட்டினாள். வேப்பந்தட்டைப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மாள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மகன் வெளியே வருகிறவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று நின்றாளாம்.

என் அம்மா பாவப்பட்டு, "எதுக்குங்க இப்படி உசுர விடுறீங்க? மாதிரிப் பரிட்சைதானுங்களே" என்றிருக்கிறாள்.

"யாருங்க சொன்னா? பள்ளிக்கூடத்துக்குப் பேரே மாதிரிப் பள்ளிங்க. அதுல சேரணும்னா இதாங்க பரிட்சை. இத வுட்டா வேற கெடையாது."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கேட்டைப் பார்த்தார்.

"ஏங்க, புள்ளைய பாதியில வரச் சொல்லிட்டீங்களே!"

அப்பா வாட்ச்மேனிடம் ஓடினார். உள்ளே விட முடியாது, யாரையும் அனுப்பவும் முடியாது என்று அவர் கையை விரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அத்தையின் போன்.

"அண்ணே, எம்புள்ள மொட்டையடிச்சு சந்தனம் பூசிக்கிட்டு ஒம் மடிக்குக் காத்துக் கெடக்குது. நீ எங்க சுத்துற?"

"பாப்பா பரிட்ச எழுதுறா. முடிஞ்சாத்தான் வருவேன்."

"சும்மா பரிட்சைன்னியே!"

"இல்ல ஆயி, நெசப் பரிட்ச. சாயங்காலம் நல்ல நேரம் பாத்துக் குத்திக்கலாம். அதுவரைக்கும் எல்லாருக்கும் சோத்தப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் தள்ளினார். அத்தை திட்டியதையெல்லாம் அம்மாதான் வாங்கிக்கொண்டாள்.

உள்ளே நான் பறந்துகொண்டிருந்தேன். கணக்கும் அறிவியலும் ஓடிவிட்டன. கடைசிப் பகுதியில் படங்களைப் பார்த்து அடுத்து வருவது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நின்று யோசிக்க வேண்டும். எனக்கோ மடி, காதுகுத்து, அரியலூர் பஸ். தோன்றிய வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு எழுந்துவிடலாம் என்று பேனாவைத் தாளில் வைத்தேன்.

அப்போதுதான் காம்பவுண்டுக்கு வெளியிலிருந்து அந்தக் குரல் வந்தது. நாலாவது மாடியில் நின்று கீழே கலவை கேட்கிற குரல்.

"பாப்பாஆ! வந்துடாத! மெதுவா எழுது! காதுகுத்து நிக்குது! நீ பூராத்தையும் எழுது!"

ஹால் முழுக்கச் சிரிப்பு. மேற்பார்வைக்கு வந்திருந்த டீச்சர் ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தார். வெள்ளை வேட்டியோடு அப்பா மதில் மேல் பாதி ஏறியிருக்கிறார், வாட்ச்மேன் அவர் காலைப் பிடித்து இழுக்கிறார். "யாரோட அப்பா?" என்று டீச்சர் கேட்டார். வெட்கத்தில் குனிந்துகொள்வேன் என்று என்னோடு எழுதிய பிள்ளைகள் நினைத்திருக்கலாம். நான் எழுந்து நின்றேன். "எங்கப்பாங்க டீச்சர்."

"உட்காரு. அதான் சொல்லிட்டாருல்ல, எழுது."

உட்கார்ந்தேன். மூளை தெளிந்துவிட்டது. முதல் படத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். பெல் அடிக்கிறவரை எழுதினேன்.

வெளியே வந்தபோது அப்பாவின் வேட்டியில் மதில் பாசி பச்சையாக அப்பியிருந்தது. எப்படி எழுதினேன் என்று அவர் கேட்கவில்லை. "பூராவும் எழுதுனியா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டியதும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம். அரியலூரில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களிடம் அத்தை, "எங்கண்ணன் மவ கவர்மெண்டு பரிட்ச எழுதிட்டு வராளாக்கும்" என்று அதட்டலாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெயில் இறங்கிய பிறகு, பாசி பிடித்த அந்த மடியிலேயே காது குத்தினார்கள்.

கோடை லீவில் எங்கள் பள்ளி டீச்சர் போன் செய்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். நான் வெங்காயக் கொட்டகைக்கு ஓடினேன். அம்மா பத்துப் பெண்களோடு குவியல் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கியதில் எனக்குப் பேச்சு வரவில்லை.

"என்னடி? யாருக்கு என்னாச்சு?"

"சீட்டு கெடச்சிடுச்சும்மா!"

அம்மா எழுந்தாள். முந்தானையில் கண்ணைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள்.

"வெங்காயத்துக்கு அழுவுறியா, மவளுக்கு அழுவுறியா?" என்று ஒருத்தி கேட்டாள். கொட்டகையே சிரித்தது.

"மவளுக்குத்தான்டி. நெசமாத்தான் அழுவுறேன்" என்று அம்மா சத்தமாகச் சொன்னாள்.