தோளளவு

அந்த ரைஃபிள் அதன் சொந்தக்காரருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. வேட்டைக்குப் போன மலைநாட்டிலிருந்து அவர் அனுப்பிய குரல்செய்தியை மேலாளர் பட்டறை நடுவில் நின்று எல்லோருக்கும் போட்டுக்காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்தாலும் குறி நேராக வந்து நிற்கிறதாம். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அந்த அளவு யாருடைய தோளில் எடுத்தது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தத் தோளுக்குரியவர் மட்டும் தலை நிமிராமல் உளி தீட்டிக்கொண்டிருந்தார்.

துபாயில், ஜெபல் அலியில் ஒரு மரவேலைப் பட்டறையில் நான் வடிவமைப்புப் பொறியாளர். கதவுகளும், மஜ்லிஸ் என்கிற அரபு வரவேற்பறைக்கான இருக்கைகளும்தான் வழக்கமான வேலை. நாங்கள் மஜ்லிஸ் செய்துகொடுத்த எமிராத்தி வாடிக்கையாளர் ஒருவர், உரிமம் வைத்திருக்கும் வேட்டைக்காரர், போன ஆண்டு ஒரு பழைய புகைப்படத்துடன் வந்தார். அதில் இருந்ததைப் போல ஒன்று வேண்டும் என்றார். ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுகிற பழைய பாணி ரைஃபிள். குழலும் மற்ற இரும்பு வேலையும் உரிமம் உள்ள துப்பாக்கிக் கடையின் பொறுப்பு. அவை எங்கள் வாசலுக்கே வராது. மரக்கட்டை மட்டும் எங்களுடையது. அளவு பார்ப்பதற்காக இரும்புப் பகுதியின் அலுமினிய மாதிரி ஒன்றைக் கடையிலிருந்து கொடுத்தார்கள்.

பட்டியல் போடாமல் எனக்கு வேலை ஓடாது. இதற்கு நாற்பத்தொரு வரி எழுதினேன். துருக்கி வால்நட், ரேகை பிடியின் வளைவோடு ஓட வேண்டும். கன்னம் படியும் மேல்விளிம்பு நேர்கோடாக இருக்க வேண்டும். முன்முனையில் கருங்காலி. பளபளப்பு வார்னிஷ் கூடாது, எண்ணெய் மட்டும், பன்னிரண்டு பூச்சு. பிடியில் கையால் வெட்டிய குறுக்குக்கோடுகள். இத்தனை ஆசையாக நான் வேறெந்த வேலைக்கும் திட்டம் போட்டதில்லை.

கையால் செய்கிற பகுதிக்கு ஒருவர்தான் பொருத்தம். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். பட்டறையில் எல்லோருக்கும் நான் மேடம். அவருக்கு மட்டும் தங்கச்சி. அவருடைய மூத்த மகள் பெரியபிள்ளையாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அப்பா வந்த பிறகுதான் சாமத்திய வீடு என்று சடங்கைத் தள்ளிவைத்திருந்தார்கள். லீவு கிடைத்துவிட்டது. சத்வா கடைத்தெருவில் எடுத்த மூன்று சேலைகளின் படத்தை என்னிடம் காட்டி, "எது வடிவாயிருக்கும், சொல்லுங்கோ" என்று கேட்டார். மாம்பழ மஞ்சளைச் சொன்னேன்.

வரைபடத்தை அவர் முன் விரித்தேன். நெடுநேரம் பார்த்தார்.

"என்ன இது, துவக்கோ?"

"ஆமாண்ணே. வேட்டைக்கு. நீங்கதான் செய்யணும்."

"மரம்தானே தங்கச்சி, செய்து தாறன். ஆனா ஒண்டு. நான் தூக்கிப் பிடிச்சுப் பாக்க மாட்டன். அதுக்கு வேற ஆளைப் பிடியுங்கோ."

"சரிண்ணே. அது உங்க வேலையே இல்ல."

அதை நான் பட்டியலில் எழுதவில்லை.

விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை எவ்வளவு நீளம், கன்னம் எந்த உயரத்தில் படுகிறது என்பதையெல்லாம் சுடுகிறவர் உடம்பில் வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். வாடிக்கையாளர் வெளிநாட்டில் இருந்தார், திரும்ப மூன்று வாரம் ஆகும். அவருடைய கந்தூரா என்கிற நீள அங்கியைத் தைக்கும் தையல்காரரின் அளவுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பினார். எங்கள் ஆட்களுக்கு யூனிஃபார்ம் தைக்க எடுத்த அளவுகள் ஏற்கெனவே என் கணினியில் இருந்தன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். தோள், கை, கழுத்து மூன்றும் அரை சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போனது ஒரே ஒருவருக்கு, அந்த யாழ்ப்பாணத்து அண்ணனுக்கு. கண்டுபிடித்த சந்தோஷத்தில் சிரித்தேன்.

அவர் சொன்னதை மறந்துவிட்டேன் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை. அது ஒரு கூச்சம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். மரக்கட்டை, அலுமினியம், குழலுக்குப் பதில் ஒரு பைப். இதில் என்ன இருக்கிறது?

"ரெண்டே நிமிஷம்ணே. உங்க அளவுதான் அவருக்கும்."

"வேண்டாம் தங்கச்சி."

"மூணு வாரம் வேலை நிக்கும்ணே. மேனேஜர் என்னத்தான் கேப்பாரு."

மறுபடியும் வேண்டாம் என்றார். நான் கட்டையை நீட்டியபடியே நின்றேன். கடைசியில் வாங்கிக்கொண்டார்.

கண்ணை மூடித் தூக்கச் சொல்லலாம் என்று வாய் திறந்தேன். அதற்குள் கட்டை அவர் தோளில் இருந்தது. இடது கால் அரையடி முன்னால் போயிருந்தது. கன்னம் மரத்தில் படிந்திருந்தது. முழங்கை, மூச்சு எதிலும் அசைவில்லை. நான் அவசரமாக அளவு நாடாவை வைத்துக் குறித்தேன். பின்னால் நின்ற திருநெல்வேலிக்காரப் பெயின்டர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"ஏ, அண்ணாச்சி ரிட்டயர்ட் மிலிட்டரி போலல்லா இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன்: "எங்கண்ணே இதெல்லாம் கத்துக்கிட்டீங்க?"

அவர் கட்டையை மேசைமேல் சத்தம் வராமல் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். பட்டியலில் பதினேழாவது வரிக்கு டிக் போட்டேன்.

பெயின்டர் அந்த வீடியோவை "எங்க பட்டறை வேட்டைக்காரன்" என்று எழுதிப் பாட்டுச் சேர்த்து ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார். தொழிலாளர் கேம்பில் யாரோ எடுத்து யாருக்கோ அனுப்ப, மறுநாள் காலை டீ நேரத்தில் யாழ்ப்பாணத்து அண்ணன் தன் போனை என்னிடம் நீட்டினார்.

"எங்கட ஊர்க் குரூப்பில வந்திட்டுது. மச்சான் கேக்கிறான், இது நீதானே எண்டு."

"உடனே அழிக்கச் சொல்றேண்ணே."

"அவன் அழிச்சுப்போட்டான். பாவம், அவனுக்கு என்ன தெரியும். உங்களுக்குச் சொன்னனான்தானே."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவரே தொடர்ந்தார். "போய் இறங்கேக்க ஆரும் ஒண்டும் கேக்காமலும் விடலாம். ஆனா பிள்ளையின்ர நாளில வாசல்ல சிஐடிக்காரர் ரெண்டு பேர் வந்து நிண்டா? அவளுக்கு ஒண்டும் தெரியாது. நான் வீட்டில அதுகளைக் கதைக்கிறேல்லை."

எதைக் கதைப்பதில்லை என்று நான் கேட்கவில்லை. அவர் எந்த வயதில், யாருக்காக, விரும்பியா இழுபட்டா துப்பாக்கி பிடித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரே மொழி பேசுகிறோம், எனவே அவர் வாழ்க்கையும் ஏறத்தாழ நம்முடையது போலத்தான் இருக்கும் என்று மூன்று வருடமாக எண்ணியிருந்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரே பரிகாரத்தைச் செய்தேன். கம்பெனி தாளில் ஒரு கடிதம் அடித்தேன். ஒன்று, படத்தில் இருப்பது மர மாதிரி. இரண்டு, அதில் சுடும் பாகம் எதுவும் இல்லை. மூன்று, அவர் என்னுடைய அறிவுறுத்தலின்படியே அதைப் பிடித்தார். மேலாளரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி அண்ணனிடம் கொடுத்தேன். நின்றபடியே முழுவதும் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கிறியள். இதை அங்க ஆரிட்டக் காட்டுறது?"

நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். லீவை ரத்து செய்தார். மஞ்சள் சேலை ஊருக்குப் போகிற வேறு ஒருவர் பெட்டியில் போனது.

சடங்கு ஒரு சனிக்கிழமை நடந்தது. அன்று அவர் டூட்டிக்கு வந்திருந்தார். பிடியில் குறுக்குக்கோடுகள் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு கோடுகூடப் பிசகவில்லை. பத்தரை மணிக்குப் போன் அடித்தது. உடனே எடுக்கவில்லை. முதலில் தோளில் கிடந்த துவாயை எடுத்து உதறிக் கட்டையை முழுவதும் மூடினார். கருங்காலி முனை வெளியே தெரிந்தது. அதையும் இழுத்து மூடினார். பிறகு போனைப் பசை டப்பாமேல் சாய்த்துவைத்து, கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு எடுத்தார்.

நான் சற்றுத் தள்ளி நின்றேன். திரையில் மாம்பழ மஞ்சள் தெரிந்தது. வாழ்த்துச் சொல்லலாம் என்று ஓர் அடி முன்னால் வைத்தேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், சிரித்த முகம் மாறாமல், தாழ்ந்த குரலில் சொன்னார்: "மேடம், கொஞ்சம் அங்கால நில்லுங்கோ. கமராவுக்குள்ள வாறியள்."