வேகவைத்த பஞ்சு

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, நீராவியில் வைத்துக் கிருமியைக் கொல்வதுதான் அவர் வேலை. அங்கே எல்லோரும் ‘பினாயில்’ என்றே கூப்பிடுவார்கள். அவரும் அதைப் பட்டமாகவே சுமந்தார். மகளுக்கு மீன்தொட்டி வாங்கியபோதும் அதே புத்திதான். கல் போட்டால் இடுக்கில் அழுக்கு சேருமாம், அதனால் அடியில் ஒரு கூழாங்கல்கூடக் கிடையாது. வெறும் கண்ணாடித் தரை, நாலு தங்கமீன், மூலையில் குமிழி விடும் பஞ்சு வடிகட்டி. மீன் கழித்தது தரையைத் தொடுவதற்குள் உறிஞ்சுகுழாயோடு போய் நிற்பார். மச்சினன் வீட்டுத் தொட்டி கல்லும் பாசியுமாகக் கிடக்கும். போகும்போதெல்லாம், அது தொட்டி இல்லை சாக்கடை என்று சொல்லாமல் திரும்பமாட்டார்.

பள்ளிச் சுற்றுலா கிளம்பிய மகள், தீனி மட்டும் போடுங்கள், வேறு எதிலும் கை வைக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாள். சும்மா இருக்குமா கை? பஞ்சு பழுப்பாகத் தெரிந்தது. எடுத்துக் குக்கரில் வைத்து, தொழில் பிசகாமல் ஆவி காட்டினார். வெள்ளை வெளேரென்று வந்ததைப் பார்த்து அவருக்கே பெருமை தாங்கவில்லை.

ரெண்டு நாளில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பதறிப்போய் மீன்கடைக்காரருக்குப் போன் போட்டார். தண்ணீரில் சேரும் விஷத்தைத் தின்னும் நல்ல கிருமிகள் கல்லிலும் பஞ்சிலும்தான் குடியிருக்குமாம். கல்தான் இல்லையே, இருந்த ஒரு வீட்டையும் அவித்துவிட்டீர்களே என்றார் கடைக்காரர். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, நன்றாக ஓடுகிற தொட்டியிலிருந்து ஓர் அழுக்குப் பஞ்சைக் கொண்டுவந்து போடச் சொன்னார். கிருமியைக் கொல்லச் சம்பளம் வாங்குகிறவன் வீட்டிலும் ஓவர்டைம் பார்த்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்து வேறு தொட்டி ஒன்றே ஒன்றுதான். தவளை தன் வாயால் கெடும்.

மச்சினன் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் உறைத்தது. சொட்டச் சொட்டப் பஞ்சை எடுத்தவன் கேட்டான்.

“கழுவித் தரட்டுமா மாமா?”

“கழுவாதப்பா. உனக்குக் கோடி புண்ணியம்.”

மகள் திரும்பியபோது நாலு மீனும் நீந்திக்கொண்டிருந்தன. பஞ்சு ஏன் இவ்வளவு கறுப்பு என்று கேட்டாள். பொய் சொல்ல வாயெடுத்தவருக்கு வரவில்லை.

“மாமா வீட்டுப் பஞ்சும்மா. அது இல்லேன்னா நாலும் போயிருக்கும். நம்மதை அப்பா குக்கர்ல வேகவச்சுட்டேன்.”

அவள் நேரே அடுப்படிக்குப் போனாள். நாற்காலி போட்டு ஏறி, குக்கரைப் பரணில் வைத்துவிட்டு வந்தாள்.